கால்வாயை விழுங்கிய முதலை

தொஹுரா: நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நான் மட்டும் உள்ள போயிருப்பேன். உனக்கு என்ன அவசரம்?

மொத்தாலிப்: நல்லா இருக்கே கதை. என்னைத் தேடித்தானே முதல்ல வந்தாங்க. 'இந்தப் பக்கம் ரிக்‌ஷாவுக்குப் படம் போடுறவன் நீதானே, இந்த முதலையும் நீ போட்டதா'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். நீதான் ஆபா, பின்னாலயே ஓடி வந்து...

தொஹுரா: தம்பியை ஜீப்புல ஏத்தினா அக்கா ஓடி வராம?

மொத்தாலிப்: வந்தது சரி. வந்து, 'இவனுக்கு ஒண்ணும் தெரியாது, நான்தான் போட்டேன்'னு ஒரே பிடியா நின்னியே. அந்த எஸ்.ஐ. முகத்தைப் பாத்தியா? ஒரு முதலைக்கு ரெண்டு பேரை எப்படி எழுதுறதுன்னு தெரியாம முழிச்சாரு.

ஜொய்னால்: கெட்டியாப் பிடிச்சுக்குங்க. பள்ளம் வருது.

மொத்தாலிப்: மெதுவாவே போ, ஜொய்னால். மூணு நாளா லாக்கப் சிமெண்டுத் தரையில உக்காந்து இடுப்பு செத்துப்போச்சு.

தொஹுரா: உன் வண்டிக்குப் பின்னாடி வெறுமனே கிடக்கே. படத்தகரம் எங்க?

ஜொய்னால்: அதைத்தான் சாட்சின்னு கழட்டிக்கிட்டுப் போனாங்களே, ஆபா. இனிமே குடுப்பாங்களோ, மாட்டாங்களோ.

மொத்தாலிப்: உன்னை ஒண்ணும் பண்ணலையே? உன் வண்டியிலதானே மாட்டியிருந்துச்சு.

ஜொய்னால்: கேட்டாங்க, உஸ்தாத். 'நான் முன்னாடி பாத்து மிதிக்கிறவன், முதுகுக்குப் பின்னாடி இருக்கிறது எனக்கு எப்படித் தெரியும்'னேன். போன்னுட்டாங்க.

தொஹுரா: சாமர்த்தியசாலி. இவனுக்கு அதுல கால்வாசி இருந்திருந்தா...

மொத்தாலிப்: ஆரம்பிச்சுட்டியா.

ஜொய்னால்: கோர்ட்டுல என்ன நடந்துச்சு, ஆபா? என்னை வாசல்லயே நிறுத்திட்டாங்க. உள்ள எல்லாரும் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

தொஹுரா: மாஜிஸ்திரேட் அம்மா தகரத்தை மேஜை மேல நிமித்தி வெச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. முதலை கால்வாயை சேமியா உறிஞ்சுற மாதிரி உறிஞ்சுதா, அதைப் பாக்கப் பாக்க அவங்களுக்கு உதடு துடிக்குது. 'இதுல யாரு பேரும் இல்லையே'ன்னாங்க. கால்வாயை மண்ணடிச்சு வளைச்சுக்கிட்ட சௌத்ரி சாஹேபோட வக்கீல் எந்திரிச்சு, முதலை போட்டிருக்கிற கறுப்புக் கண்ணாடி எங்க கட்சிக்காரரோட கண்ணாடிதான், ஊருக்கே தெரியும்னாரு.

மொத்தாலிப்: அங்கதான் வழுக்கி விழுந்தாரு.

தொஹுரா: நான் சொல்றேன், இரு. அந்த அம்மா மெதுவா கேட்டாங்க. 'அப்போ கால்வாயை முழுங்குற முதலை உங்க கட்சிக்காரர்தான்னு நீங்களே சொல்றீங்களா? அப்படியே எழுதிக்கட்டுமா?' வக்கீல் பதறிப்போயி, ஐயையோ, அவர் கால்வாய்ப் பக்கமே போனதில்லைன்னாரு. 'அப்போ இது வேற யாரோ முதலை. இவங்களை எதுக்குப் பிடிச்சு வெச்சிருக்கீங்க?' அவ்வளவுதான். கதவு திறந்தாச்சு.

ஜொய்னால்: அல்லா பெரியவன்.

மொத்தாலிப்: ஆனா ஆபா, உள்ள இருந்தப்போ எனக்கு ஒரே ஒரு பயம்தான். நம்மளை அடைச்சுட்டு, அந்தச் சந்தடியில மிச்ச கால்வாயையும் மண்ணைப் போட்டு மூடிருவாங்களோன்னு.

தொஹுரா: எனக்கும் அதேதான். போனையும் பிடுங்கிட்டாங்க. ரெண்டு வருஷமா என் 'கால்வாய்க் கரை' வீடியோப் பக்கத்துல ஒரு நாள்கூடச் செய்தி நின்னதில்லை. வெளியில என்ன நடக்குதுன்னே தெரியாம...

ஜொய்னால்: செய்தி நிக்கலையே, ஆபா. மீன் விக்கிற மொர்ஜினா தன் போன்ல எடுத்துப் போட்டா. போனை நேராப் பிடிக்கத் தெரியாம பாதி நேரம் அவ காலுதான் தெரிஞ்சுது. ஆனா டாக்கா முழுக்கப் பாத்திருக்காங்க.

மொத்தாலிப்: என்னத்தைப் பாத்தாங்க?

ஜொய்னால்: நீங்க போன மறுநாள் காலையில, எங்க கராஜ்ல ஒரு ரிக்‌ஷா பாக்கி இல்லை, எல்லாத்துலயும் சாக்பீஸ்ல முதலை. வரையத் தெரிஞ்சவன், தெரியாதவன், எல்லாரும் போட்டுட்டானுங்க. சிலது பூனை மாதிரி இருந்துச்சு. அப்படியே ஊரைச் சுத்தினோம். பொம்பளைங்க குடமும் பாயுமா ஸ்டேஷன் ரோட்டுல உக்காந்துட்டாங்க. நேத்து மத்தியானம் அளவெடுக்கிற ஆளுங்க பழைய வரைபடத்தோட வந்தாங்க. கூடவே பொக்லைன்.

தொஹுரா: பொக்லைன் எதுக்கு?

ஜொய்னால்: சௌத்ரி கால்வாய்க்குக் குறுக்கே போட்ட மண்கரையை வெட்டிட்டாங்க, ஆபா.

மொத்தாலிப்: நிஜமாவா?

ஜொய்னால்: தண்ணி போகுது, உஸ்தாத். கறுப்பா, நாத்தமா, ஆனா போகுது. ராத்திரி மழை பெஞ்சுச்சு, வீட்டுக்குள்ள ஒரு சொட்டு ஏறலை.

மொத்தாலிப்: ஆபா... அழுறியா?

தொஹுரா: தூசிடா. பேசாம வா. போன மழையில இந்த ஜொய்னால் வீட்டுல கட்டில் மேல கட்டில் போட்டு, கைப்பிள்ளையை அலமாரித் தட்டுல படுக்க வெச்சிருந்தாங்க. நான்தான் வீடியோ எடுத்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட எத்தனை நாளாச்சு, ஜொய்னால்?

ஜொய்னால்: அது ஆச்சு, ஆபா... இப்போ நல்லா இருக்கான். நேத்து தரையில படுத்துத் தூங்கினான்.

மொத்தாலிப்: அது போதும். அது போதும்பா.

தொஹுரா: வீட்டுக்குப் போனதும் குளிச்சுட்டு கிச்சடி வெக்கிறேன். இலிஷ் மீன் கிடைச்சா வறுத்துடலாம். ஜொய்னால், நீயும் சாப்பிட்டுத்தான் போகணும்.

மொத்தாலிப்: ஆபா, ஒண்ணு சொல்லட்டா? படம் நல்லாத்தான் வந்திருந்துச்சு.

தொஹுரா: எந்தப் படம்?

மொத்தாலிப்: முதலைதான். பல்லு கொஞ்சம் கோணல். வாலு கண்டபடி மடிஞ்சிருக்கு. இருந்தாலும் முதல் தடவையா தூரிகை பிடிச்ச கைக்கு அது...

தொஹுரா: முதல் தடவையா? மீசை முளைக்கிறதுக்கு முந்தியே மயிலும் நடிகையும் போட்ட கைடா உன்னுது.

மொத்தாலிப்: என் கையைப் பத்தி யாரு பேசினா? உன்னைச் சொல்றேன்.

தொஹுரா: டேய்... இன்னும் யாருகிட்ட நடிக்கிறே? போலீசும் இல்லை, கோர்ட்டும் இல்லை. உன் கை அடையாளம் தெரிஞ்சிடக் கூடாதுன்னு நீ வேணும்னே கோணலாப் போட்டது எனக்குத் தெரியாதா? இடது கையாலதானே போட்டே?

மொத்தாலிப்: காலால போட்டாக்கூட நான் முதலைக்கு அஞ்சு காலு வெக்க மாட்டேன், ஆபா.

தொஹுரா: அப்போ...

மொத்தாலிப்: என் நீலப் பெயிண்ட் டப்பா பாதி காலியா இருந்துச்சு. நீ எடுத்திருப்பேன்னு நெனச்சேன். மறுநாளே நீ அந்தப் படத்தை வீடியோவும் எடுத்துப் போட்டியா...

தொஹுரா: நீ போட்ட படம்னுதானேடா எடுத்தேன். நான் பெயிண்ட் டப்பாவைத் தொட்டதே இல்லை.

மொத்தாலிப்: அப்போ ஸ்டேஷன்ல நீ சொன்னது?

தொஹுரா: பொய். நீ சொன்னது?

மொத்தாலிப்: நானும்...

தொஹுரா: யா அல்லா. ரெண்டு பேருமே போடலைன்னா... ஜொய்னால், ஏன் வண்டியை நிறுத்திட்டே?

ஜொய்னால்: அது அஞ்சாவது காலு இல்லை, உஸ்தாத். நாக்கு.

தொஹுரா: ஜொய்னால்? நீயா போட்டே?

ஜொய்னால்: நேத்துக் காலையில ஸ்டேஷனுக்குப் போயி நான்தான் போட்டேன்னு சொன்னேன், ஆபா. 'ஏற்கெனவே ரெண்டு பேரு ஒத்துக்கிட்டாங்க, மூணாவது ஆளுக்கு இங்க இடமில்லை'ன்னு விரட்டிட்டாங்க.