நான்காம் ஓட்டக்காரிக்கு, மூன்றாம் ஓட்டக்காரி

மேடையில் அமர்ந்திருக்கும் தடகளச் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பிறரை ஓடவைத்தே பழகிவிட்டதால் ஒரு நாற்காலியில் அசையாமல் உட்காரத் தெரியாமல் தவிக்கும் எங்கள் கோச் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அவளுடைய அம்மா, அம்மாவின் கையைப் பிடித்திருக்கும் தங்கை, இந்த உடற்பயிற்சிக் கூடத்தில் இடம் போதாமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பேசுகிறவள் இல்லை, படிக்கிறவள். அணியில் எனக்கு ‘லைப்ரரி’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவள் அவள்தான். நானூறு மீட்டர் சாம்பியன், எங்கள் தொடர் ஓட்டத்தின் நான்காம் ஓட்டக்காரி, காலின் நீளத்தைப் பார்த்து நாம் எல்லோரும் ‘கொக்கு’ என்று அழைத்தவள். இருபத்தேழு வயதில், ரத்தத்தில் வந்த ஒரு நோய்க்கு அவளைக் கொடுத்துவிட்டு நிற்கிறோம்.

எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் அவளை நேசித்ததாகச் சொன்னார்கள். நானும் நேசித்தேன். ஆனால் அதைவிட அதிகமாக அவள்மேல் பொறாமைப்பட்டேன். இன்றும் படுகிறேன். இந்தக் கூட்டத்தைப் பார்த்தும் படுகிறேன். எனக்கென்று கூட்டம் போட்டால் இத்தனை பேர் வருவார்களா? நாற்காலிகளை எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்காது!

இரங்கல் கூட்டத்தில் இப்படிப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. அவளைப் பற்றி உண்மையாகப் பேச எனக்கு வேறு வழி தெரியவில்லை. உண்மையாகப் பேசவேண்டிய கட்டாயமும் எனக்கு இன்று இருக்கிறது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் தொடங்குவதற்கு முன், பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி அருகே செயலாளர் அவர்கள் என்னைக் கூப்பிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குக் கொக்குவின் தங்கை தகுதி பெற்றிருக்கிறாள். தேர்வு ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள். இருந்தும் அவள் பெயர் அணியில் அறிவிக்கப்படவில்லை. “அந்தக் குடும்பத்துல இருந்து இன்னொருத்தியை எந்த நம்பிக்கையில அனுப்பறது? அவ கடைசியில வருத்தப்பட்டான்னு நீ மேடையில ஒரு வார்த்தை சொல்லு. எனக்கும் கமிட்டியில பேச வாய் இருக்கும். சின்னப் பொண்ணு ஓடிட்டுப் போகட்டும்” என்றார். மிரட்டவில்லை, கெஞ்சினார் என்றே சொல்லவேண்டும். அவரும் அந்தச் சின்னப் பெண் ஓடுவதைப் பார்க்க விரும்புகிறார் என்று நம்புகிறேன்.

நான் உள்ளே வந்து தங்கையிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. “அக்கா மாதிரியே நானும் பண்ணணும்னு பாதிப் பேர் பாக்கறாங்க. பண்ணிடக் கூடாதுன்னு மீதிப் பேர் பாக்கறாங்க. எனக்கு ஓடணும்க்கா. அவ்வளவுதான். நீங்க என்ன வேணா சொல்லுங்க.”

அன்பர்களே, நான் இப்போது என்ன சொல்லவேண்டும்? இறந்தவளைக் காட்டிக்கொடுப்பதா? இருப்பவளின் காலைக் கட்டுவதா?

என்ன நடந்தது என்று தெரியாதவர்கள் இங்கே இருக்கலாம். சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களோடு பயிற்சி செய்யும் நெடுந்தூர ஓட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். தொழில் எலக்ட்ரீஷியன். வேலைக்குப் போகும் முன், விடிகிற நேரத்தில், பெரிய பெரிய கேட்டுகள் உள்ள ஒரு தெரு வழியாக ஓடுவார். ஒருநாள் அந்தத் தெருவில் திருட்டு. அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரே ஆள் இவர். போலீஸ்காரர்கள் பிடித்தார்கள். ஓட்டக்காரன் என்று சொன்னபோது, “அதான் பாத்தோமே” என்றார்களாம். மாலையில் விட்டார்கள். அதற்குள் முழங்கால் போய்விட்டது. புகார் கொடுத்தோம், வாங்கவில்லை. சங்கத்திடம் போனோம். விளையாட்டு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்றார்கள். ஓடிய குற்றத்துக்காக ஒருவர் முழங்கால் உடைந்ததைவிட விளையாட்டு சம்பந்தப்பட்ட விஷயம் என்ன இருக்கிறது?

அடுத்த மாதம் நம் மைதானத்திலேயே சர்வதேசப் போட்டி. தொடர் ஓட்டத்தில் தங்கம். நான்கு பேரும் பரிசு மேடையின் ஒரே படியில் தோள் இடிக்க நின்றோம். கொடி ஏறியது, தேசிய கீதம் ஒலித்தது. கொக்கு மெதுவாக, யாரையும் இடிக்காமல், ஒரு முழங்காலைத் தரையில் வைத்தாள். தலை குனிந்திருந்தது. பாடிக்கொண்டும் இருந்தாள். அது எனக்கு மட்டும்தான் கேட்டது, பக்கத்தில் நின்றவள் நான்.

அந்தப் புகைப்படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதில் அவளுக்குப் பக்கத்தில் தெரியும் முழங்கை என்னுடையது. மூன்றாவது சுற்றில் இரண்டு பேரை முந்தி, பேட்டன் கோலை முதலிடத்தில் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தவள் நான். உலகம் முழுக்கப் போனது என் முழங்கை மட்டும்! பொறாமைப்படாமல் என்ன செய்ய?

பிறகு நிருபர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நானாக இருந்தால் படித்ததையெல்லாம் கோத்து அரைமணி நேரம் விளக்கியிருப்பேன். அவள் பள்ளிப் பாடத்துக்குப் பிறகு ஒரு புத்தகத்தை முழுதாக முடித்தவள் இல்லை. “ஒருத்தருக்கு முட்டியை உடைச்சுட்டாங்க. அவருக்குப் பதிலா என்னுதை கொஞ்ச நேரம் கீழ வச்சேன். வேற ஒண்ணும் இல்லை” என்றாள். அவ்வளவுதான். நான் அலமாரி அலமாரியாகத் தேடிய வாக்கியம் அவளுக்கு வியர்வை துடைக்கிற நேரத்தில் வந்தது.

சங்கம் அவளுக்கு இரண்டு வருடம் தடை விதித்தது. தடை முடிவதற்கு முன் அவள் முடிந்துவிட்டாள்.

அன்று நான் நின்றேன். இன்றும் நிற்பேன். பயத்தால் நின்றேன் என்று யாராவது நினைத்தால் அது தவறு. என் அப்பா பஸ் டிரைவர். ரேடியோவில் கீதம் வந்தால் சாப்பிடுகிற கையோடு எழுந்து நிற்பார். அந்தப் பாட்டு கேட்டால் எனக்கு முதுகு தானாக நிமிரும், அது எனக்குப் பிடித்திருக்கிறது. இதைப் பற்றி நானும் கொக்குவும் உடை மாற்றும் அறையில் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறோம். உன்னைப் பார்த்தால் என் அப்பா வருத்தப்படுவார் என்று ஒருநாள் சொன்னேன். ஷூவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“உங்கப்பாவை உக்காருன்னு நான் சொன்னேனாடி? அவர் நிக்கறது அழகு. யாரும் சொல்லாம நிக்கறாரு பாரு, அதான் அழகு.”

இப்படிச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு எப்படிச் சண்டை போடுவது? என் அப்பாவை என்னைவிட நன்றாக அவள் புரிந்துகொண்டதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

தடை வந்தபிறகு அவள் வீட்டில் முடங்கினாளா? எலக்ட்ரீஷியன் குடியிருக்கும் பகுதியில் ஓட விருப்பமுள்ள எல்லோரையும் சேர்த்தாள். பள்ளிப் பெண்கள், கூரியர் கொண்டுபோகிறவர்கள், உடம்பு இளைக்கவேண்டும் என்று டாக்டர் சொன்ன ஒரு தையல்காரம்மா. எல்லோரையும் கூட்டிக்கொண்டு தினமும் காலையில் அதே தெரு வழியாக ஓடினாள். தனியாக ஓடினால்தானே திருடன்? கூட்டமாக ஓடினால் என்ன பெயர் வைப்பார்கள் பார்க்கலாம் என்பது அவள் கணக்கு.

முதல் நாளே அந்தத் தெருவின் வாட்ச்மேன் விசில் ஊதி நிறுத்தினார். அவர் இதோ சுவரோரம் நிற்கிறார், நான் சொல்வது தப்பென்றால் திருத்தட்டும். ஏன் நிறுத்தினீர்கள் என்று கொக்கு கேட்டிருக்கிறாள்.

“ஓடறீங்களேம்மா.”

“நடந்தா விடுவீங்களா?”

“நடந்தா நான் ஏன் கேக்கப்போறேன்?”

உடனே அத்தனை பேரையும் நடக்கச் சொன்னாளாம். சாதாரண நடை இல்லை. ஒரு காலை எடுத்து, யோசித்து, வானத்தைப் பார்த்து, அப்புறம் அடுத்த காலை வைக்கிற நடை. தையல்காரம்மா நடுவில் நின்று கொட்டாவி விட்டாராம். தெரு பாதி தாண்டுவதற்குள் வாட்ச்மேனால் தாங்க முடியவில்லை. “ஓடித் தொலைங்கம்மா, எனக்கு டியூட்டி முடியறதுக்குள்ள போய்ச் சேருங்க” என்றாராம். மறுவாரம் அவரே கேட்டருகே ஒரு குடம் தண்ணீர் வைத்தார்.

அந்தக் காட்சியில் நான் இல்லை. அந்த நேரத்தில் நான் மைதானத்தில், சங்கத்தின் பயிற்சி அட்டவணைப்படி ஓடிக்கொண்டிருந்தேன். இன்று கொக்குவின் அம்மா அந்த வாட்ச்மேனைக் கட்டிக்கொண்டு அழுதபோது, என்னைக் கட்டிக்கொண்டதைவிட அதிக நேரம் அழுதார்கள். நான் கவனித்தேன். இப்படியெல்லாம் கவனிக்கிற புத்தி எனக்கு.

சரி, செயலாளர் அவர்கள் காத்திருக்கிறார்.

மருத்துவமனையில் ஒரு பிற்பகல் அவளோடு இருந்தேன். படித்துக் காட்டலாம் என்று ஒரு புத்தகம் கொண்டுபோயிருந்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு படம்கூட இல்லையே, நோயாளிக்குக் கொடுக்கற புத்தகமாடி இது?” என்று திருப்பித் தந்தாள். பிறகு கைபேசியில் அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். குரல் மாறியது.

“லைப்ரரி, அன்னைக்கு நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்டி.”

என் மனம் துள்ளியது. கேட்டீர்களா, துள்ளியது! கடைசியில் இவளும் தடுமாறினாள், இவளும் என்னைப் போல ஒரு மனுஷிதான் என்று துள்ளியது. என்ன தப்பு என்று கேட்டேன்.

“அவருக்கு உடைஞ்சது இடது முட்டி. நான் வலதைக் கீழ வச்சிருக்கேன். இப்பதான் போட்டோவை நல்லாப் பாத்தேன்.”

ஓட்டக்காரர்கள் அல்லாதவர்களுக்கு இதை விளக்கவேண்டும். பந்தயம் தொடங்கும் முன், ஸ்டார்ட்டிங் பிளாக்கில் காலை வைத்துக் குனியும்போது, எங்களில் பெரும்பாலோருக்கு இடது கால் முன்னால், வலது முழங்கால் தரையில். சிறுவயதிலிருந்து அப்படியே. குனி என்றால் உடம்பு அந்தப் பக்கம்தான் குனியும். அவள் வாழ்க்கையிலேயே பெரிய காரியத்தைச் செய்தபோதும் உடம்பு கோச் சொல்லிக்கொடுத்த காலைத்தான் வைத்தது. கோச் சார், நீங்கள் அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்!

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. “ஒரு மனுஷனுக்காகன்னு சொல்லிட்டு அவர் காலைக்கூட சரியாப் பாக்கலை பாரு. அது உறுத்துதுடி” என்றாள். அன்று முழுக்க அவளுக்கு அந்த வருத்தம் போகவில்லை. எலக்ட்ரீஷியனிடம் பிறகு கேட்டேன். அன்றே கவனித்தாராம். “சொன்னா அது மனசு கஷ்டப்படும்னு விட்டுட்டேன்” என்றார்.

ஆகவே, செயலாளர் அவர்களே, இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன். அவள் வருத்தப்பட்டாள். கடைசி நாட்களில், தன் வாயால், மனப்பூர்வமாக வருத்தப்பட்டாள். நீங்கள் கேட்ட வார்த்தை இதுதானே? எதற்காக வருத்தப்படவேண்டும் என்று நீங்கள் நிபந்தனை எதுவும் போடவில்லை. நான் ஒரு எழுத்துக்கூடப் பொய் சொல்லவில்லை. இனி கமிட்டியில் பேசுவது உங்கள் வேலை. தலைவர் அவர்கள் சிரிப்பை அடக்குவது தெரிகிறது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பெயர் அறிவிக்கப்பட்டால், ஞாயிற்றுக்கிழமை நான்காம் ஓட்டம் தங்கைக்கு என்று கோச் முடிவு செய்திருக்கிறார். அந்த இடத்துக்காக நான் ஏங்கியிருக்கிறேன். அக்கா இருந்தவரை கிடைக்கவில்லை, இப்போது தங்கையும் விடமாட்டேன் என்கிறாள். நேரத்தை வைத்துப் பார்த்தால் கோச் முடிவு சரி. அதனால்தான் இன்னும் எரிகிறது. ஆனால் தங்கையே, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். மூன்றாம் சுற்றில் எவள் முன்னால் இருந்தாலும் அவளைத் தாண்டித்தான் உன்னிடம் வருவேன். கீதம் ஒலிக்கும்போது நீ நிற்பதோ, முழங்காலிடுவதோ, அது உன்னுடைய கால். உன் அக்காவுக்காகவும் வேண்டாம், எங்களுக்காகவும் வேண்டாம். நாளையிலிருந்து அந்தத் தெருவின் காலை ஓட்டத்துக்கு நான் வருகிறேன். முன்னால் ஓட மாட்டேன், அங்கே ஓடிப் பழகியவர்கள் முன்னால் போகட்டும்.

செயலாளர் அவர்களுக்கு ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. யாரும் சொல்லாமல் நிற்கிறவள் நான், என் அப்பாவைப் போல. ஒருவேளை ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் பெயர் அணியில் இல்லை என்றால், கீதம் ஒலிக்கும்போது என்னை அந்த மைதானத்தில் நின்றபடி பார்க்க மாட்டீர்கள். முழங்காலிடுவேன். முழுசாகப் புகைப்படத்தில் வருவேன். இடது முழங்கால்தான் வைப்பேன், இந்த வாரம் முழுக்க அதற்குப் பயிற்சி எடுப்பேன். எல்லாவற்றிலும் என்னை முந்தியவளை அந்த ஒன்றிலாவது நான் முந்துகிறேன்.