டயரில் நின்ற சந்தனம்

“ஆடி வெள்ளி, ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்” என்று என் பழைய நாட்குறிப்பில் இருக்கிறது. கார் கழுவும் கடை நடத்தும் இரு பெண்கள் என் முன் இருக்கையில். இளையவள் போனை வைத்துவிட்டுச் சொன்னாள்:

“மதினி, டிராவல்ஸ்காரர் பேசினாரு. நாம கழுவிக் குடுத்த காருக்குக் கோயில் வாசல்ல பூசை முடிஞ்சுதாம். டயர்ல சந்தனம் நிக்குதாம்.”

“வழுக்கலையா? போன தடவை காருக்கு டயர்ல வச்ச பொட்டு வழியவும், சகுனம் சரியில்ல, இனிமே வண்டி தரமாட்டேன்னாரே.”

“அது டயருக்குப் போட்ட எண்ணெய்ப் பாலிஷ், பொட்டு ஒட்டாது. இது தண்ணி கலந்த பாலிஷ் மருந்து, வாய்க்கால்ல போனாலும் கெடுதல் இல்ல. ஸ்பாஞ்சுல மெலிசா தடவி, செத்த நேரம் காயவிட்டுத் துடைச்சேன்.”

“வீட்டுத் தரையக்கூட நீ இப்படித் துடைச்சதில்லையேட்டி. சரி, மத்த வண்டி?”

“அம்புட்டும் நமக்குத்தானாம். நாளைக்கே அனுப்புதாராம்.”

மூத்தவள் கடைச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த டயர்ப் பளபளப்பு மழைக்குத் தாங்குமா என்பதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.