எழுவத்திமூணாம் நம்பர்

— வள்ளியக்கா, சத்தம் போடாம கேளு. இன்னைக்கி நடந்த குலுக்கல் செல்லாது. ஒனக்கு வீடு விழுந்ததும் செல்லாது.

— ஏலே தங்கப்பழம், ஒங்க அத்தான் தறியில கெடந்து செத்துப் பதினோரு வருசம். அன்னையிலருந்து நெசவாளர் காலனி வீட்டுக்கு நடையா நடக்கேன். கோயில்ல இருக்க கோமதியம்மா இன்னைக்கித்தான் கண்ணைத் தொறந்திருக்கா. ஒன் வாயில நல்லதே வராதா?

— காலையில சங்கத்துல கம்ப்யூட்டரைப் போட்டு ஒரு ட்ரயல் பாத்தேம்லா? இருவது வீட்டுக்கு இருவது நம்பர் வந்துது. பத்தரைக்கு ராகுகாலம் கழிஞ்சு எல்லார் முன்னாலயும் போட்டா, அதே இருவது!

— அதெப்படிலே?

— அது தானா நெனச்சு நம்பர் எடுக்காதுக்கா. உள்ளுக்குள்ள ஒரு வரிசை வச்சிருக்கும். எங்கன இருந்து தொடங்கணும்னு நாமதான் எழுதணும். அந்த ஒரு வரியை விட்டுத் தொலைச்சிட்டேன். அணைக்காம இருந்தா அடுத்த நம்பருக்காவது போயிருக்கும். சந்தனம் பூசி, சூடம் காட்டி, நல்ல நேரத்துல புதுசாப் போடணும்னு அணைக்க வச்சிட்டாவ. அணைச்சுப் போட்டா மறுபடி முதல்லருந்துதான்.

— இதுல யாருக்கு என்ன நட்டம்? பேர் பட்டியல் போன வாரமே டைப் அடிச்சாச்சு. என்ன நம்பர் வரும்னு அப்ப எவனுக்குத் தெரியும்?

— அப்படித்தான் நானும் மனசைத் தேத்திக்கிட்டேன். பெறவு போய்ப் பாத்தா, பட்டியல்ல மூணாம் பக்கம் மட்டும் புது ரிப்பன்ல கருகருன்னு இருக்கு. அதுலதான் எழுவத்திமூணாவதா ஒம் பேரு. யக்கா, அணைச்சுப் பூசை போடணும்னு செக்ரட்டரிட்டப் போய்ச் சொன்னதும் நீதான?

— மூணு நாளா அதைப் போட்டுப் போட்டு அணைச்சியேல. நீ பேப்பர் நேரா வருதான்னு பாத்த. கூட்டிப் பெருக்க வந்த நான் நம்பரைப் பாத்தேன். எப்பப் போட்டாலும் மொத நம்பர் எழுவத்திமூணு.

— அடப்பாவி!

— டைப் அடிக்க பிள்ளைகிட்டக் கெஞ்சி ஒரே ஒரு பேரைத்தாம்ல மாத்தினேன். வீட்டுக்காரி என் சட்டி பானையைத் தெருவுல வச்சப்ப நீ வந்து பாத்தியா?

— யார் வயித்துல அடிச்சியோ, அவ இப்ப அழுதுக்கிட்டுக் கெடப்பா. நான் இப்பமே போயி எல்லாத்தையும் சொல்லுதேன். மறுகுலுக்கல் வைக்கட்டும்.

— போ. அந்த எழுவத்திமூணுல மொதல்ல இருந்தது ஒம் பொண்டாட்டி பேச்சிதாம்ல. தனிக்குடித்தனம் போகணும்னு ஒனக்குத் தெரியாம மனு போட்டிருந்தா. மெசினுக்கு எழுதினவன் தன் பொண்டாட்டி நம்பரே விழும்படிப் போட்டுக்கிட்டான்னு ஊரு சொல்லட்டும், போ.