வாக்கரை எடுக்க வந்த நாள்

— அந்த வாக்கர தொடாதீங்க சபீனா மேடம். தொட்டீங்க, அப்பால நான் மனுசியா இருக்க மாட்டேன்.

— நான் தொடல ராணிக்கா. வண்டிய தெருமுனையிலயே நிறுத்தச் சொல்லிட்டேன். முதல்ல உட்காருங்க, பேசுவோம்.

— இன்னா பேசறது? போன்லயே சொல்லிட்டீங்களே. ஆராய்ச்சி முட்ஞ்சிபோச்சு, வாக்கர எடுக்க ஆள் வரும்னு. ஆளு வரும்னுதான் சொன்னீங்க. நீங்களே வருவீங்கன்னு சொல்லல.

— வேற யாரையும் அனுப்ப மனசு வரல. ரெண்டு வருசமா இந்த வீட்டுக்கு நான்தானே வந்துட்டிருந்தேன்.

— வந்தீங்க, இல்லேங்கல. சேக்காடு பூரா தண்ணி நின்னப்பகூட செருப்ப கையில புடிச்சிகினு வந்தீங்க. என் கூடப்பொறந்தவங்ககூட அப்டி வந்ததில்ல. அதான் வவுறு எரியுது. வேற யாராச்சும்னா வாசலோட கத்தி அனுப்பியிருப்பேன்.

— ஜெபா எங்கக்கா?

— உள்ள படுத்துகினு டி.வி. பாக்கறா. உங்கள பாத்தா போதும், வாக்கரத்தான் கைய காட்டுவா. பத்து வயசு பொண்ணு, வேற இன்னா ஆச கீது அதுக்கு? இப்ப வந்து அத்த தூக்கினு போறேன்றீங்க.

— பாருங்க, அது எங்க ஆராய்ச்சி சென்டர் பொருள். ஆராய்ச்சி முடியற வரைக்கும்தான்னு ஆரம்பத்துலயே சொல்லித்தானே கொடுத்தோம்.

— சொன்னீங்க. அதுக்குள்ள அவ நடந்துடுவான்னு நென்ச்சேன். சரி, முடிவு இன்னா வந்துச்சு? அத்த சொல்லுங்க.

— அக்கா...

— சொல்லுங்க. நடைய அளக்கறோம்னு கொயந்த காலு முச்சூடும் உருண்ட உருண்டையா இன்னாத்தையோ ஒட்டி, சுத்தி கேமரா வச்சி படம் புட்ச்சீங்க. பிய்க்க சொல்ல தோலு செவந்துபோச்சு. அன்னிக்கி நான் ஒரு வார்த்த கேட்டனா?

— கேக்கல.

— இப்ப கேக்கறேன்.

— ஜெபா மாதிரி பாதிப் பிள்ளைங்களுக்கு இந்த வாக்கர் கொடுத்தோம். நெஞ்சுலயும் இடுப்புலயும் பெல்ட் போட்டு நிக்க வச்சு, தினமும் நடக்க விட்டோம். மீதிப் பாதிக்கு வழக்கமான பயிற்சி மட்டும். கடைசியில ரெண்டு பக்கமும் அளந்து பார்த்தோம். நடக்கறதுல வித்தியாசமே தெரியல.

— தெரியலன்னா?

— வாக்கர் இருந்ததால எந்தப் பிள்ளையும் கூடுதலா நடந்துடல.

— ஜெபா?

— ஜெபாவும்தான்.

— அவ நடந்தாளே! இந்த வாசப்படிலேருந்து அந்த பீரோ வரைக்கும் வந்தாளே. நீங்க எதிருல நின்னு கூப்ட்டீங்களே மேடம்.

— வந்தா. பெல்ட் தாங்குச்சு, பின்னாடி நீங்க தள்ளுனீங்க. பெல்ட்ட அவிழ்த்தா அந்த இடத்துலயே மடிஞ்சி விழுவா. அது உங்களுக்கும் தெரியும்க்கா.

— எனுக்குத் தெரியாது.

— பொறந்தப்ப மூச்சு திணறி அடிபட்டது அவ மூளையில. காலுக்கு என்ன செய்யணும்னு மூளையிலருந்து சேதி ஒழுங்கா போகல. நாம நிக்க வச்சா அந்தச் சேதி போக ஆரம்பிக்குமான்னு பார்த்தோம். போகல.

— அப்ப இத்தினி நாளு என்னை ஏன் நம்ப வச்சீங்க?

— நானும்தான் நம்புனேன். ஜெபா நின்ன அன்னிக்கு பஸ்ல போறப்ப எங்கம்மாவுக்கு போன் பண்ணி அழுதேன். உங்கள ஏமாத்தலக்கா. செஞ்சு பார்த்தாத்தான் தெரியும். ஆகலைன்னு தெரிஞ்சா அதையும் மறைக்காம சொல்லணும். ஆராய்ச்சின்னா அதுதான்.

— உனுக்கு அது ஆராய்ச்சி. எனுக்கு பொண்ணு.

— அப்படிச் சொல்லாதீங்கக்கா.

— வேற எப்டி சொல்றது? நாளைக்கி நீங்க இன்னொரு ஊட்டுக்குப் போவீங்க, இன்னொரு கொயந்தைய பாப்பீங்க. ஜெபா அப்பா ரயில்வே கார் ஷெட்டுல வேல முட்ச்சிட்டு வந்ததும் சட்டையகூட கழட்ட மாட்டாரு. மொதல்ல கேக்கறது, இன்னிக்கி நின்னாளான்னுதான். நின்னான்னு சொன்னா அவள மடியில போட்டுகினு சாப்புடுவாரு. இல்லேன்னா செவுத்து பக்கம் திரும்பி படுத்துக்குவாரு. இன்னிக்கி அந்தாளு வந்து கேட்டா நான் இன்னா சொல்லட்டும்?

— வேணும்னா நான் இருந்து அவர்கிட்ட பேசறேன்.

— பேசி?

— செய்யறதுக்கு இன்னும் இருக்குக்கா. முதுகு கோணாம இருக்க அவ உடம்புக்கு அளவெடுத்து ஒரு சேர் செய்யலாம். நேரா உட்கார்ந்தா கை நல்லா வரும். முன்னாடி ஒரு பலகை வச்சா அவளே சோத்த எடுத்து வாயில வச்சுப்பா. பேச்சு தடுமாறினா படத்த தொட்டுக் காட்டிப் பேசலாம். ஸ்கூலுக்குப் போகலாம். அதுக்கெல்லாம் நான் அலையறேன்.

— சக்கரம் வச்ச சேரு.

— ஆமா.

— அதுல உக்கார வச்சி ரோட்டுல தள்ளிகினு போனா இன்னா பேசுவாங்க தெரியுமா? ராணி கைய வுட்டுட்டான்னு பேசுவாங்க. திருமழிசை கம்பெனி வேலைய நான் வுட்டது அவள நடக்க வைக்கத்தான். எங்க சபையில உபவாசம் இருந்து ஜெபம் பண்ணது அவ நடக்கணும்னுதான். அவ நல்லா உக்காரணும்னு ஒருத்தருகூட ஜெபம் பண்ணல மேடம்.

— அழாதீங்கக்கா.

— நான் அழல. காலைல எயுந்ததும் கொயந்தைக்கு எண்ண தேய்க்கணும், கால நீட்டி வுடணும், வாக்கர்ல ஏத்தணும். அத்த நென்ச்சிகினுதான் எயுந்துக்கறேன். நீங்க தூக்கினு பூட்டா நாளைக்கி நான் இன்னாத்துக்கு எயுந்துக்கணும்? அத்த மட்டும் சொல்லிட்டு எடுத்துகினு போங்க. நான் குறுக்க வர மாட்டேன்.

— இங்கயே இருக்கட்டும்.

— இன்னா?

— வாக்கர் இங்கயே இருக்கட்டும்க்கா. சென்டர்ல நான் பேசிக்கறேன். அங்க கொண்டு போனாலும் மூலையிலதான் போட்டு வைப்பாங்க.

— மெய்யாலுமா?

— ஆனா ஒண்ணு, அவ நடப்பாள்னு நான் சொல்லல. நீங்க எழுந்திருக்கணும், அதுக்காகத்தான் சொல்றேன்.

— ஸ்தோத்திரம் ஆண்டவரே! கண்ணு, நீ நல்லா இருப்ப. கோச்சிக்காத, வாய்க்கு வந்தத பேசிட்டேன். இரு, அவள இட்டாறேன். ஒரு வாட்டி நிக்க வச்சி பாத்துட்டு போ.

— அக்கா, டி.வி. சத்தமே காணோமே. எப்ப நின்னுச்சு?

— கரண்ட் பூட்ச்சி போலகீது. ஃபேனும் சுத்தல, இப்பத்தான் பாக்கறேன்.

— அப்ப நாம பேசினது பூரா கேட்டிருப்பாளே.

— கேட்டா இன்னா? கொயந்தைக்கு இதெல்லாம் இன்னா புரியும்?

— ஜெபாவுக்கு எல்லாம் புரியும்க்கா. பேசத்தான் கஷ்டம்.

— ஏய் ஜெபாம்மா! யாரு வந்துகீறாங்க பாரு. வா, கைய கயுத்துல போடு. தோ தூக்கிட்டேன். வாக்கர் எங்கயும் போவலடி, நம்மகிட்டயே கீது.

— மே...டம்.

— ஜெபாக்குட்டி! அழுதியா நீ? கண்ணெல்லாம் ஈரமா இருக்கே. இருங்கக்கா, பெல்ட் மாட்டாதீங்க. வலது கால ஏன் இப்படி உள்ள இழுத்துக்கறா?

— கொஞ்ச நாளா அப்டித்தான் பண்றா. ஏத்தி நிக்க வச்சா சரியாப்பூடும்.

— இல்ல, கீழ படுக்க வைங்க. நான் பார்க்கணும். ஜெபா, மேடம் கால மெதுவா விரிக்கறேன், சரியா? இவ்வளவுதான், இவ்வளவுதான்...

— ஆ...!

— இடுப்புலயா ஜெபா?

— வலியெல்லாம் இல்ல மேடம், செல்லம் கொஞ்சறா. நீங்க ஒவ்வொரு வாட்டி கேக்க சொல்லயும் நான் சொல்லிகினுதானே வந்தேன், வலி இல்லேன்னு.

— இந்தத் தடவ அவ சொல்லட்டும்க்கா. ஜெபா, அவசரமில்ல. நிக்கும்போது வலிக்குமா?

— வலி...க்கும்.

— எப்பருந்துடா?

— எப்...பவும்.

— அக்கா, இது இன்னிக்கு வந்த வலி இல்ல. இடுப்பு மூட்டு குழியிலருந்து விலகிட்டிருக்குன்னு தோணுது. உடனே எக்ஸ்ரே எடுக்கணும்.

— இன்னாடி சொல்ற நீ? இத்தினி நாளா தெனம் ஏத்தி நிக்க வச்சேனேடி! அம்மா வலிக்குதுன்னு ஒரே ஒரு வார்த்த ஏண்டி சொல்லல?

— நின்னா... தான்... நீ... சிரிப்ப.