ஒருவருக்கு ஒரு மூச்சு

எனக்கு வீடு பெருக்கத் தெரியாது என்று அக்கா எல்லோரிடமும் சொல்வாள். உண்மைதான். நான் பெருக்கினால் தூசி ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் குடிபோகுமே தவிர, வீட்டை விட்டு வெளியேறாது. நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொல்லி நீங்கள் தாளை நீட்டியதும் எனக்கு முதலில் இதுதான் நினைவுக்கு வந்தது.

உங்கள் காவல் நிலைய எழுத்தர் தட்டச்சு செய்த படிவத்தில் என் தொழில் 'இசை' என்று மட்டும் இருக்கிறது. அது போதாது, ஐயா. நான் எந்த நிறுவனத்தையும் சாராமல் தனியாக இசை தயாரித்து விற்பவன். மெட்டு, தாளம், பதிவு, கலவை எல்லாம் நானே. விளம்பரப் படம் எடுப்பவர்கள், கைப்பேசி விளையாட்டு செய்பவர்கள், தாளம் தேடும் பாடகர்கள் என்று யார் வேண்டுமானாலும் வாங்கலாம். யாரும் வாங்கவில்லை என்பதுதான் பிரச்சினையாக இருந்தது.

இசை செய்வது இந்தத் தொழிலில் கால்வாசி. மீதி, நம்மை நாமே கூவி விற்பது. தினமும் காலையில் முகம் தெரியாத இருபது பேருக்கு மின்னஞ்சல் அனுப்புவேன். 'வணக்கம், உங்கள் சமீபத்திய படைப்பை மிகவும் ரசித்தேன்' என்று ஆரம்பிக்கும். பாதிப் பேருடைய படைப்பை நான் பார்த்ததே இல்லை. பிறகு முப்பது விநாடித் துண்டுகளை இணையத்தில் ஏற்றுவேன். என் முகத்தைக் காட்டினால் ஆட்கள் நின்று கேட்பார்கள் என்று யாரோ சொன்னதால், பல்லைக் காட்டிக்கொண்டு கீபோர்டு வாசிக்கும் காணொளிகளும் உண்டு. மூன்று வருடம் இப்படி. எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

அந்த மூன்று வருடமும் எனக்குச் சோறு போட்டவள் அக்கா. சீருடை தைக்கும் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் இருந்தாள். பதினான்கு வருடம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து ஆஸ்துமாவைச் சம்பாதித்துக்கொண்டவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்பவர்களிடம், "ஒரு குழந்தைய வளத்துட்டு இருக்கேன், முப்பத்துநாலு வயசாகுது, இன்னும் நடக்கல" என்று என்னைக் கை காட்டுவாள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் அவமானமாகத்தான் இருக்கும்.

வீட்டின் சிறிய அறையை எனக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். வெளிச்சத்தம் வராமலிருக்க ஜன்னலை அடைத்தேன். சுவரெல்லாம் பழைய கம்பளமும் மெத்தை விரிப்பும் அடித்து மாட்டினேன். எல்லாம் பழைய பொருள் கடையில் எடை போட்டு வாங்கியவை. உள்ளே நின்றால் சொந்தக் காதின் இரைச்சல் கேட்கும். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ரூமாடா இது, பொட்டி மாதிரி இருக்கு. மூடி மட்டும்தான் பாக்கி" என்றாள்.

நல்ல ஒலிக்கூடம் அது. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

முதல் பதிவு தற்செயலானது. இதை நீங்கள் நம்ப வேண்டும். மைக்கைத் திறந்து வைத்து ஒரு சலங்கையைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். அக்கா காபி கொண்டு வந்தாள். உள்ளே வந்ததும் கம்பளத் தூசி ஏறி மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய் இன்ஹேலரை எடுத்து வந்து கொடுத்தேன். ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. அவள் சரியாகி வெளியே வந்த பிறகுதான், "உன் பாட்டு வேணாம்டா, இந்த ரூமே ஆளக் கொல்லும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அழிப்பதற்காகத்தான் அந்தப் பதிவைத் திரும்பக் கேட்டேன். அழிக்க முடியவில்லை. உள்ளே இழுக்கும்போது மெல்லிய விசில், அதற்கடியில் ஒரு கரகரப்பு, வெளியே விடுவதற்கு முன் சிறிய தயக்கம். எந்த வாத்தியத்திலும் அந்தத் தயக்கம் வராது. அதை எடுத்துத் தாளமாக அடுக்கினேன், மேலே இரண்டே இரண்டு சுரம். வழக்கம்போல முப்பது விநாடி ஏற்றினேன்.

அன்று மாலைக்குள் மூன்று வருடத்தில் கேட்டவர்களைவிட அதிகம் பேர் கேட்டிருந்தார்கள். ஒரு விளம்பர நிறுவனத்தில் இசை தேர்ந்தெடுக்கும் அம்மையார் அவரே தொலைபேசியில் அழைத்தார். "அந்த மூச்சு யாருது? கேட்டதும் என் கைல ரோமம் எந்திரிச்சுது" என்றார். ஒரு நடிகை என்று சொன்னேன். வாங்கிக்கொண்டார். என் இசையை ஒருவர் வாங்கிய முதல் நாள் அது. அக்காவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினேன். எந்தத் துண்டு என்று அவளிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது ஒரு தப்பு. அதை மட்டும் தப்பு என்று ஒத்துக்கொள்கிறேன். ஒரு விளையாட்டு நிறுவனம் 'அதே மாதிரி மூச்சு' கேட்டது. நான் அதே பதிவைக் கொஞ்சம் வேகம் குறைத்து, சுதி இறக்கி, புதியது என்று விற்றேன். இணையத்தில் வேலையற்ற ஒருவர் இரண்டின் அலை வரைபடங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் படம் பிடித்துப் போட்டுவிட்டார். மேடு பள்ளம் அச்சாகப் பொருந்தின. பழையதையே மாவு பூசி விற்பவன் என்று எழுதினார்கள். பெயர் நாறிவிட்டது. மறுபடியும் யாரும் பதில் போடாத நாட்களுக்குத் திரும்பிப் போய்விடுவேன் என்று பயந்தேன். அந்தப் பயத்தை அனுபவிக்காதவர்களுக்கு மற்றது புரியாது.

அதனால் என் பக்கத்தில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, ஓர் உறுதி எழுதினேன்: 'இனி ஒருவருக்கு ஒரு மூச்சு. ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவருக்கு இல்லை. ஒவ்வொன்றும் புதிதாகப் பதிவு செய்யப்படும்.' மூன்று வருடம் தொண்டை கிழியக் கூவியதில் நடக்காதது அந்த மூன்று வரியில் நடந்தது. எல்லோருக்கும் அவர்களுக்கே அவர்களுக்கான மூச்சு வேண்டியிருந்தது. வாங்குபவர்கள் வரிசையில் நின்றார்கள். நானோ என் வாயாலேயே என்னைக் கட்டிப்போட்டுக்கொண்டேன்.

வேறு வழி தேடவில்லை என்று நினைக்காதீர்கள். மாடிப்படி ஏறி இறங்கி என் மூச்சைப் பதிவு செய்தேன். நாய் இளைப்பதுபோல் இருந்தது. நாடகத்தில் நடிக்கும் ஒரு பெண்ணை அழைத்து வந்தேன். விளம்பர நிறுவன அம்மையார் ஐந்து விநாடி கேட்டுவிட்டு, "இவங்க நடிக்கிறாங்க தம்பி. பழைய பொண்ணக் கூப்பிடுங்க" என்றார். மூச்சே இல்லாத வேறு இசையையும் அனுப்பிப் பார்த்தேன். யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ஒலியை விட்டால் எனக்கு வேறு முகவரி கிடையாது என்பது தெளிவாகிவிட்டது.

முதலில் நான் எதையும் செய்யவில்லை. செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான். கம்பளங்களை வெயிலில் போடவில்லை. பிறகு, அவற்றைத் தட்டி உதற ஒரு கை கொடு என்று அக்காவை அறைக்குள் கூப்பிட்டேன். மைக் திறந்திருக்கும். இழுப்பு வந்ததும் இன்ஹேலர் எடுக்க எழுந்து போவேன். ஓடுவதை நடப்பதாக மாற்றிக்கொண்டேன். நல்ல பதிவுக்கு நாற்பது விநாடியாவது வேண்டும்.

அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் அப்படிச் சந்தேகப்படுகிற பிறவி இல்லை. "ஒவ்வொரு தடவையும் தேடித்தேடி எடுத்துட்டு வர்றியேடா, எங்கதான் வைப்ப அத?" என்று ஒருமுறை கேட்டாள். உடனே அவளே, "சரி விடு, உனக்கு உன் சாமானே கண்ணுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டாள்.

மருத்துவரிடம் நானேதான் அழைத்துப் போனேன். அவர், "வீட்ல தூசி, பழைய துணி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர், சுத்தமாத்தான் வச்சிருக்கோம்" என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "தம்பிதான் பெருக்குறான்" என்றாள். மருத்துவர் சிரித்தார். தினமும் காலையில் உறிஞ்ச ஒரு தடுப்பு மருந்து எழுதிக் கொடுத்தார்.

அது நன்றாக வேலை செய்தது. ஆறு வாரம் அக்கா படியேறினாள், பாடினாள், தொழிற்சாலையிலிருந்து நடந்தே வந்தாள். அவள் அப்படி இருந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஆறு வாரமாக ஒரு பதிவும் இல்லை. காத்திருந்த நான்கு பேரில் இரண்டு பேர் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். பிறகு புதுக் குப்பி வாங்கும்போதெல்லாம், அவள் குளிக்கப் போகும் நேரத்தில் அந்தத் தடுப்பு மருந்தைச் சமையலறை ஜன்னல் வழியாகக் காற்றில் அழுத்திக் காலி செய்தேன். வெறும் குப்பியை அவள் உறிஞ்சுவாள். மருந்தை வீணடிப்பது எனக்குப் பிடித்த காரியம் அல்ல.

நான் அவளை வெறுத்தேன் என்று உங்களுடைய உதவி அதிகாரி சொன்னார். தவறு. இந்த உலகத்தில் எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும் அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, வெந்நீர் வைத்துக் கொடுத்து, தூங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அப்போதெல்லாம் இதுதான் கடைசி என்று நிஜமாகவே நினைப்பேன். மறுநாள் மின்னஞ்சலைத் திறந்தால் புதிதாக ஒருவர் கேட்டிருப்பார்.

கடைசியாகக் கேட்டவர் ஓர் இயக்குநர். முழுநீளத் திரைப்படம். இசை என்று திரையில் என் பெயர் மட்டும் தனியாக வரும் என்றார். அதற்காகத்தான் நான் பிறந்தேன் என்று அப்போது தோன்றியது. அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே விளக்கினார். "கடைசிக் காட்சில வேற எதுவும் வேணாம். ஒரு பொண்ணோட மூச்சு மட்டும். ஆரம்பிச்சு, தளர்ந்து, அப்படியே நிக்கணும். பேச்சு ஒரு வார்த்தை வரக் கூடாது. முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். முடியாது என்று எனக்கு மூன்று வருடம் எல்லோரும் சொன்னார்கள். முடியும் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தருவதாகக் கையெழுத்தும் போட்டேன்.

வியாழக்கிழமை அக்காவுக்கு விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். என் சட்டைதான். நான் அதற்குள் கம்பளங்களைக் கழற்றி, அறைக்குள்ளேயே நன்றாக உதறி, திரும்ப மாட்டியிருந்தேன். "அக்கா, மைக் சரியா வேலை செய்யுதானு பாக்கணும். உள்ள போய் நின்னு கொஞ்சம் பேசு" என்றேன்.

"என்ன பேச?"

"எதையாவது பேசு. எப்பவும் வாய் ஓயாம பேசறவதானே."

ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்துவிட்டுப் போனாள். கதவை நான் சாத்தினேன். அந்தக் கதவுக்கு உட்புறம் கைப்பிடி கிடையாது. தாளத்துக்கு அது அதிர்ந்து சத்தம் போடுகிறது என்று முன்பே கழற்றியிருந்தேன். உள்ளே வேலை செய்யும்போது ஒரு கட்டையை வைத்துக் கதவைத் திறந்தே வைப்பது வழக்கம். அன்று கட்டையை வெளியே எடுத்துவிட்டேன். அவளுடைய இன்ஹேலர் என் சட்டைப் பையில் இருந்தது. அவசரத்தில் கைதவறிப் பையில் போட்டுக்கொண்டதாக முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது பொய். காலையிலேயே அவள் கைப்பையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன்.

நான் நடையில் தரையில் உட்கார்ந்து, மடிக்கணினியில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதிவு பதினொரு நிமிடம் ஓடியது. எழுந்திருக்க இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும், இதை மறுபடி எடுக்க முடியாதே என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அழுகைச் சத்தம் மைக்குக்குப் போய்விடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டேன். பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. இன்னும் ஒரு நிமிடம் ஓடவிட்டேன். காட்சி முடியும் இடத்தில் அந்த அமைதி தேவைப்படும்.

உங்கள் உதவி அதிகாரி ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அவள் ஏன் கதவைத் தட்டவில்லை? கையில் பலம் இருந்தது, தட்டியிருக்கலாம், கத்தியிருக்கலாம், பக்கத்து வீட்டுக்காவது கேட்டிருக்கும் என்கிறார். அறைக்குள் பதிவு ஓடினால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்தால் சத்தம் போடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மூன்று வருடத்தில் அக்கா ஒருமுறைகூட அதை மீறியதில்லை.

பேசவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏழாவது நிமிடத்தில் மைக்குக்குப் பக்கத்தில் வந்தாள். மிகவும் மெதுவாக, "தம்பி, இந்தத் தடவயாவது சரியா வந்துச்சா?" என்று கேட்டாள். பேச்சு வரக் கூடாது என்பது இயக்குநரின் நிபந்தனை. அந்த இடத்தை மட்டும் வெட்டி, இரண்டு பக்கத்தையும் ஒட்டுத் தெரியாமல் சேர்த்து, வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பிவிட்டேன்.

அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இல்லை, ஐயா. மைக்கைச் சரிபார்க்கத்தானே அவளை உள்ளே அனுப்பினேன், அதைப் பற்றித்தான் கேட்டாள். சரியாகத்தான் வந்திருந்தது.