லிஃப்ட் கதவைத் திறக்க விடாத கத்தரி அக்காவுக்கு

சிரிப்பைச் சிதறவிடாமல் சேர்த்துக் கட்டிய சீமாட்டியே! முழுநீளக் கதையின் மூச்சை இரண்டரை நிமிட முன்னோட்டத்துக்குள் முடிந்துவைத்த வித்தகியே! கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பேசும், படங்களை வெட்டித் தொகுக்கும் எங்கள் ‘கத்தரி’ அக்காவே! தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் பணிந்து வணங்குகிறோம்.

தங்கள் பெருமைகளை வரிசையாக அடுக்கினால் தங்களுக்கே கொட்டாவி வரும். ஆகவே முப்பது ஆண்டுப் பணியில் ஒரே ஒரு வாரத்தை மட்டும் இந்த அவையில் விரித்துரைக்கிறோம்.

லிஃப்டில் ஏறவே அஞ்சும் லிஃப்ட் மெக்கானிக்கைப் பற்றிய நகைச்சுவைப் படம் அது. புது இயக்குநரின் முதல் படைப்பு. இருந்த சிரிப்புக் காட்சிகளையெல்லாம் அள்ளிக் கொட்டி நாங்கள் ஒரு முன்னோட்டம் சமைத்தோம். பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட உதட்டைப் பிரிக்கவில்லை. அடுத்ததும் ஊற்றிக்கொண்டால் படத்தைப் பெட்டியிலேயே பூட்டிவிடுவேன் என்று தயாரிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். மாமனாரின் இரும்புக் கடைக்கே திரும்பிவிடலாம் என்று இயக்குநர் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

அன்று தாங்கள் எங்களுக்குக் கதையியல் பாடம் எடுத்தீர்கள். கதை ஒரு நிம்மதியில் தொடங்கும், அது குலையும், குலைந்ததைச் சரிசெய்ய ஒருவன் படாதபாடு படுவான், முடிவில் வேறொரு நிம்மதி பிறக்கும் என்றீர்கள். நாங்கள் செய்ததில் படாதபாடு மட்டுமே இருக்கிறது, லிஃப்டை விட்டுவிட்டு அவன் ஏன் படியேறி ஓடுகிறான் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். கதையின் எதிரி யார் என்றும் கேட்டீர்கள். லிஃப்ட்தான் என்று நாங்கள் ஒரே குரலில் சொல்ல, மூக்குக்கண்ணாடி மேசைக்கு வந்தது.

“லிஃப்ட் என்னப்பா பண்ணுச்சு? பயமே இல்லன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லி வச்சிருக்கான் பாரு, அந்தப் பொய்தான் எதிரி.”

சிரிப்பே இல்லாத காட்சியை முதலில் வைத்தீர்கள். கணவனின் காலரைச் சரிசெய்தபடி, அவன் பார்த்துக்கொள்ளும் லிஃப்ட் என்பதால்தான் தைரியமாக ஏறுகிறேன் என்று மனைவி பெருமைப்படுகிறாள். பிறகு அதே பழைய ஓட்டம், அதே மூச்சிரைப்பு. இந்த முறை சிரித்துச் சிரித்து எங்களுக்கே வயிறு வலித்தது! இறுதியில் இருவரும் லிஃப்டுக்குள் சிக்க, விளக்கு அணைகிறது. கதவு திறக்கும்போது வரும் அருமையான சிரிப்புக் காட்சியையும் சேர்க்கச் சொல்லி இயக்குநர் கெஞ்சினார். தீர்வு திரையரங்குக்குச் சொந்தம் என்று தாங்கள் மசியவே இல்லை.

தயாரிப்பாளர் பார்த்தார். சிரித்தார், புரையேறி இருமினார், மறுபடி சிரித்தார். திரை இருண்டதும் நாற்காலி நுனிக்கு வந்து, “அப்புறம் என்னாச்சு?” என்றார். முழுப் படத்தையும் பலமுறை பார்த்த மனிதர் அவர்! அடுத்த மாதமே படம் வெளியானது.

அறிவால் அதட்டி, அன்பால் அணைத்த அக்காவே! முழங்கால் வலி நீங்கி, கண்ணொளி குன்றாது, நெடுங்காலம் நலமே வாழ்க! இனியாவது பக்கத்து இருக்கைக்காரரிடம் குறை சொல்லாமல் ஒரு படத்தை முழுதாகப் பார்த்து மகிழ்க!

இம்மடலை யார் வாசிப்பது என்று எங்களுக்குள் பெரிய போட்டி. எல்லோரையும் தள்ளிவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு தங்கள் முன் நிற்பவர், இரும்புக் கடைக்குத் திரும்பாத அந்த இயக்குநர்தான்.

தங்களை விட மனமில்லாத,
படத்தொகுப்புக் கூடத்தார்