ஆரின்ர பேரைச் சொல்லி அழுறது?

துசியந்தி: ...மடிப்பெடுத்துக் கொய்யகம் வைக்காதை எண்டு அந்த டைரக்டர் மனிசி எத்தினை தரம் சொன்னவ? பார், திரும்பவும் சீலை மாதிரிச் சுத்திக்கொண்டு நிக்கிறாய்.

றூபினி: கை தானாப் போகுது, அக்கா. இவ்வளவு நீளத் துணியைக் கண்டா என்ர கை சும்மா இருக்குமே?

துசியந்தி: நாடகத்தில ஊர் எரிஞ்சு போச்சு. புருசன்மார் செத்துப்போட்டினம். ஆமிக்காரன் எங்களைப் பங்கு போடப்போறான். நீ கலியாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி நிக்கிறாய்.

றூபினி: நீங்கள் மட்டும் திறமோ? முதல்ல லிப்ஸ்டிக்கைத் துடையுங்கோ.

துசியந்தி: வெத்திலை எண்டு நினைப்பினம், விடு.

றூபினி: என்ர மகள் மிதுஷா கேக்கிறாள், இது கிரேக்க நாடகமோ ஆபிரிக்க நாடகமோ எண்டு.

துசியந்தி: என்ன சொன்னனி?

றூபினி: கதை கிரேக்கம், ஊர் நைஜீரியா, மேடை வெள்ளைக்காரன்ர ஃபாரஸ்ட் கேட், அழுறது மட்டும் யாழ்ப்பாணம் எண்டன்.

துசியந்தி: லைப்ரரியில இங்கிலிஷ் பழகத்தானேடி போனனாங்கள்? டிராமா எண்டு பேப்பரில கிடந்ததை ஆர் வாசிச்சது?

றூபினி: இலவசத் தேத்தண்ணி எண்டதை வாசிச்சது நீங்கள்.

துசியந்தி: சரி, சரி... எத்தினை நிமிசம் கிடக்கு?

றூபினி: பத்து. அக்கா... ஒண்டு சொன்னாக் கத்தக்கூடாது.

துசியந்தி: சொல்லு.

றூபினி: கமலாம்பிகை ரீச்சர் வந்திருக்கிறா. ஆர்ச்வே முருகன் கோயில் ஆக்கள் பதினொரு பேர். மூண்டாவது வரிசை.

துசியந்தி: ஐயோ! ஆர் அவைக்குச் சொன்னது?

றூபினி: நான்தான்... வாட்ஸப்பில படம் போட்டனான். நல்லா இருக்கெண்டு நாலு பேர் சொல்லுவினம் எண்டு...

துசியந்தி: கோதாரியில போவாளே! அவைக்குத் தமிழ் விளங்குமெல்லே!

றூபினி: அதுதானே பிரச்சினை. செத்தவையின்ர பேரை உங்கட பாசையில சொல்லி அழுங்கோ எண்டு டைரக்டர் அடேயெமி சொல்ல, ஒத்திகையில நீங்கள் ஆரைக் கூப்பிட்டனீங்கள்?

துசியந்தி: கீரிச் சம்பாவை.

றூபினி: பிறகு?

துசியந்தி: மொட்டைக்கறுப்பனை.

றூபினி: கடையில கிடக்கிற அரிசியையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டு நெஞ்சில அடிச்சீங்கள். பாவம் அந்த மனிசி, கட்டிப்பிடிச்சு அழுதவ. உங்கட பிள்ளையளோ எண்டும் கேட்டவ.

துசியந்தி: நான் ஓம் எண்டுபோட்டன். வேற என்ன சொல்ல?

றூபினி: இண்டைக்கு அது சரிவராது. உண்மையான பேர் ஒண்டு வேணும்.

துசியந்தி: என்ர மனிசனைச் சொல்லட்டே?

றூபினி: அவர் முன்வரிசையில கச்சான் கொறிச்சுக்கொண்டு இருக்கிறார், அக்கா!

துசியந்தி: அரைவாசி உண்மைதானே. அந்த மனிசன் சோபாவை விட்டு எழும்பி எத்தினை வருசம்?

றூபினி: பகிடியை விடுங்கோ. என்னட்டைச் சண்டையில செத்த ஆக்கள் இருக்கினம். றமணன் அண்ணை, சின்னம்மா, மாமாவின்ர ரெண்டு பெட்டையள். நான் அண்ணையைச் சொல்லுறன். நீங்கள் மற்றதில ஆரையும் எடுங்கோ.

துசியந்தி: கடையில சீலை காட்டுற மாதிரிச் சொல்லுறாய்.

றூபினி: எங்களிட்டைக் குறையாமல் கிடக்கிறது அதொண்டுதானே... உங்கட வீட்டில ஒருத்தரும் போகேல்லையோ? முள்ளிவாய்க்கால் வரைக்கும் நிண்டனீங்கள்தானே?

துசியந்தி: ஒருத்தரும் சாகேல்ல.

றூபினி: குடுத்து வைச்சனீங்கள். மகன் சுஜீத்தும் பிரான்ஸில சுகமா நிக்கிறான். அவனுக்கு விசா கிடைச்சுதோ?

துசியந்தி: உன்ர தலைத்துணி அவிழுது. இறுக்கிக் கட்டு.

றூபினி: அவன்ர கதை எடுத்தா எப்பவும் இப்பிடித்தான் மாத்திறியள். பதினாறு வருசமா விசா இல்லையெண்டாலும்... ஒரு படமாவது அனுப்பமாட்டானோ?

துசியந்தி: பெல் அடிச்சிட்டுது. வா.

றூபினி: அக்கா, வா எண்டுபோட்டு நீங்கள் நிக்கிறியள். மேடைப் பயமோ?

துசியந்தி: ஓம்... மேடைப் பயம்.

றூபினி: ஏலாட்டி விடுங்கோ. வாயை மட்டும் அசையுங்கோ, நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கத்துறன்.

துசியந்தி: இல்லை, றூபி. எனக்கு அழவேணும். உன்ர றமணன் அண்ணையைத் தா.

றூபினி: அவர்... என்ர சொந்த அண்ணை, அக்கா. சின்னம்மாவை எடுங்கோவன். ஏன் அவர்தான் வேணும்?

துசியந்தி: எனக்கு ஒரு பெடியன்ர பேர் வேணும். உன்ர அண்ணையைப் புதைச்ச இடம் உனக்குத் தெரியும். சண்டை முடிஞ்ச அண்டைக்கு வட்டுவாகலில, பேர் பதிஞ்சிட்டு விடுவம் எண்டு ஆமிக்காரர் சொல்ல, என்ர சுஜீத்தை நான்தான் அவங்கட பஸ்ஸில ஏத்தி விட்டனான், இன்னும் திரும்பி வரேல்ல... பிரான்ஸ் நான் கட்டின கதை. தாய் நானே அவன்ர பேரைச் சொல்லி அழுதா, அவன் செத்ததாப் போயிடுமடி.